கோமதிக்கு என்ன என்று சொல்ல ஒருவர்

போன வாரம். தென்காசியில் இருந்து குற்றாலம் வருகிற டவுன் பஸ். சாரல் உள்ளே தெறித்ததால் ஜன்னல்களை எல்லாம் அடைத்திருந்தார்கள். நானும் என் மகள் கோமதியும் ஏறினோம். பெண்கள் பக்கத்தில் ஓர் அம்மாவும் அவருடைய சின்னப் பெண்ணும் இருந்தார்கள். பக்கத்தில் காலி இடம். கோமதி போய் உட்கார்ந்தாள்.

அந்த அம்மா திரும்பினார். முதலில் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைப் பார்த்தார்.

"ஏட்டி, இங்கன வா. மடியில இரி."

"இடம் இருக்குல்லாம்மா..."

"வான்னா வாட்டி! அந்த அக்கா அருவியில பச்சிலை வச்சிக் குளிச்ச அக்கா."

மெதுவாகத்தான் சொன்னார். பஸ்ஸில் மெதுவாகச் சொல்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? டிரைவர் வரைக்கும் கேட்டது.

கோமதி எழுந்து என் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரில் ஒருவர் அழுதிருப்போம்.

வழக்கமாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில், நான் வேலை பார்க்கும் குற்றாலத்து லாட்ஜில் நடக்கிற கூத்துகளை எழுதுகிறவன் நான். துண்டைத் தொலைத்துவிட்டு அருவி மேல் பழி போட்டவர், குரங்கிடம் பல்செட்டைப் பறிகொடுத்தவர்... இந்த மாதிரி. சிரிக்கலாம் என்று பக்கத்தைத் திருப்பியவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் சிரிப்பு குறைவு.

கோமதிக்குப் பதினைந்து வயது நடக்கிறது. அவளுக்கு என்ன குறை? அதைச் சொல்லத் தெரியாமல்தான் இவ்வளவு பாடு. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். கால் வளைந்திருந்தால் கண்ணால் பார்க்கலாம். இதை எதைக் கொண்டு பார்ப்பது?

புளி வாங்கி வா என்று கடைக்கு அனுப்பினால் போவாள். போகிற வழியில் ஒருவர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பார். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா... அங்கேயே நின்றுவிடுவாள். குழம்பு வற்றிப்போய், அவள் அம்மா தேடிக்கொண்டு போக வேண்டும். "ஏட்டி, புளி எங்கட்டி?" என்றால், "ஐயோ!" என்று தலையில் கை வைப்பாள். நடிப்பு இல்லை. அப்போதுதான் ஞாபகமே வந்திருக்கும்.

பரீட்சைத் தாள் இன்னும் வேடிக்கை. முதல் பக்கம் முத்து முத்தாக இருக்கும். அடுத்த பக்கத்தில் பாதி வாக்கியம். அதோடு சரி. ஏன் என்று கேட்டால், "வெளிய மழை வந்திச்சிப்பா" என்பாள். மழை மற்ற பிள்ளைகளுக்கும்தானே வந்தது?

குடை போகும். டிபன் பாக்ஸ் போகும். ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வந்தாள். இன்னொன்று எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள் — வேறு ஏதோ கேள்விக்கு உண்டான பதிலை.

ஆனால் கேரம் போர்டு முன்னால் உட்கார்ந்தால்? எழுந்திருக்கவே மாட்டாள். சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். இதுதான் எங்களுக்கு வினையாகப் போனது. "கேரம் போர்டுல மட்டும் கவனம் இருக்குல்லா? அப்போ மத்ததெல்லாம் திமிருதானே?" என்றார்கள். நியாயமான கேள்வி.

படிப்பு வரவில்லை என்றால் பீடி சுற்றட்டும் என்று என் மனைவி சண்முகத்தாய் ஒரு தடவை அவள் மடியில் சுளவை, அதாவது முறத்தைக் கொடுத்து உட்கார வைத்தாள். எங்கள் பக்கத்தில் வயசுப் பெண்கள் இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஊர்க்கதை பேசிக்கொண்டே வேலையை முடித்துவிடுவார்கள். கோமதி இலை வெட்டினாள். வெட்டினாள். வெட்டிக்கொண்டே இருந்தாள். தூள் வைப்பது, சுருட்டுவது என்று அடுத்து ஒரு வேலை இருப்பதே மறந்துபோய்விட்டது. நனைத்து வைத்த இலை அத்தனையும் பாழ். பீடிக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "தாயி, இந்தப் பிள்ளையப் படிக்கப் போடுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில், "பீடி சுத்தப் போடுங்க" என்றார்கள்.

எங்கே போடுவது?

அவள் ஒன்பதாவது முடித்தபோது பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கண்டிப்பானவர். ஆனால் கெட்டவர் இல்லை.

"அண்ணாச்சி, உங்க பிள்ளையப் பத்தாவதுல உக்கார வைக்கவே எனக்குப் பயமா இருக்கு. அடிச்சிப் பாத்தாச்சி. வெயில்ல நிப்பாட்டியாச்சி. ஒண்ணு, இது திமிரு. இல்லைன்னா ஏதோ கோளாறு. எதுன்னு ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டிக் கேட்டுட்டு வாங்க. கோளாறுன்னா நான் பொறுத்துக்கிடுதேன். தனியா உக்கார வச்சிச் சொல்லிக் குடுக்கச் சொல்லுதேன். திமிருன்னா டி.சி.தான். காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பாப்பேன்."

"சரிங்கம்மா" என்று வந்துவிட்டேன். வேறு என்ன பேசுவேன்? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இப்போதும் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் போய் நின்றால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். 'நல்ல டாக்டர்' என்றால் எந்த டாக்டர், எந்த ஊரில் இருப்பார் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டாமா? கேட்க வாய் வரவில்லை.

தேட ஆரம்பித்தோம்.

தென்காசியில் முதலில் பார்த்தவர் நாக்கை நீட்டச் சொன்னார். பூச்சி மாத்திரையும் சிவப்பாக ஒரு டானிக்கும் எழுதினார். கோமதி அந்த டானிக்கைக் குடிக்க மறந்தாள். "மறதிக்கு மருந்து வாங்கிக் குடுத்தா, மருந்தையே மறக்காளே!" என்று சண்முகத்தாய் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அடுத்து கண் டாக்டர். கண்ணாடி போட்டால் கவனம் வரும் என்றார். கண்ணாடி ஏதோ ஒரு பஸ்ஸில் போனது. அந்த பஸ் எங்கே போனதோ?

பிறகு திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. காலையில் போய் நின்றோம். எங்கள் முறை வரும்போது உச்சி வெயில். சின்ன வயசு டாக்டர். எழுதுவதில் இருந்து தலை நிமிரவில்லை.

"காதுல ஏதாவது குரல் கேக்குதாம்மா?"

"கேக்குது சார்" என்றாள் கோமதி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் முதல் தடவையாக நிமிர்ந்தார்.

"யார் குரல்?"

"கடலைக்காரரு. அந்தா, வாசல்ல விக்காருல்லா?"

டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதினார். அதைப் போட்டதும் கோமதி தூங்கினாள். சாப்பிடும்போது தூங்கினாள். பள்ளிக்கூடத்தில் தூங்கினாள். "பாருங்க, சேட்டை எல்லாம் போயிருச்சில்லா!" என்று பக்கத்து வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். எங்களுக்குப் பிள்ளையே போய்விட்டது போல் இருந்தது. நிறுத்திவிட்டோம்.

இதில் யாரையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஒவ்வொருவர் வாசலிலும் அத்தனை கூட்டம். என் பின்னால் இருமிக்கொண்டு நிற்கிறவருக்கும் அவசரம்தான். ஆனால் நான் வீட்டில் இருந்து யோசித்து யோசித்துக் கொண்டுபோன சங்கதியில் பாதியைக்கூட எங்கேயும் சொல்ல முடிந்ததில்லை. நானோ கூச்சக்காரன். "ம்... அப்புறம்?" என்று யாராவது கேட்டால்தான் எனக்கு அடுத்த வார்த்தை வரும்.

அதுவரை அப்படிக் கேட்டவர் ஒரே ஒருவர். செங்கோட்டைக்கு மேற்கே, மலையைத் தாண்டிப் போனால் ஒரு மலையாள வைத்தியர்.

ஒரு மத்தியானம் முழுக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளை எப்போது நடந்தாள், எப்போது பேசினாள், கனவு காண்பாளா, தலை வேர்க்குமா... என் ஆயுசில் நான் அவ்வளவு பேசியது இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கோமதியின் தலையில் கை வைத்தார்.

"பேடிக்கண்டா" என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். "மோளுக்குத் தலையில சூடு. அதே உள்ளூ." மகளுக்குத் தலையில் சூடு, அவ்வளவுதானாம்.

உச்சந்தலையில் காசு அகலத்துக்கு முடியை வழித்துவிட்டு, அங்கே பச்சிலையை அரைத்து அப்பி, சாரல் சமயத்தில் விடிகாலையில் அருவிக்கு அடியில் நிறுத்த வேண்டும். சூடு இறங்கிவிடுமாம்.

நான் நம்பினேன். மருந்தையா நம்பினேன்? இல்லை. மத்தியானம் முழுக்கக் காது கொடுத்தாரே, அதை நம்பினேன். நம்மில் பாதிப் பேர் இப்படித்தான். கேட்கிறவரெல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இங்கேதான் தப்பு நடந்தது. வெளியூர்க்காரர்களுக்குப் புரிய ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்களுக்கு அருவி என்றால் எண்ணெய்க் குளியல், மிளகாய் பஜ்ஜி, குரங்கு. எங்களுக்கு இன்னொன்றும் தெரியும். புத்தி பிசகியவர்களையும் இங்கே கூட்டி வருவார்கள். உச்சியில் பச்சிலை வைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு அடியில் நிறுத்துவார்கள். பச்சிலை வைத்த தலையைக் கண்டால் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். சில லாட்ஜ்களில் இடம் இருந்தாலும் 'ஃபுல்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இத்தனை வருஷம் குற்றாலத்தில் குப்பை கொட்டுகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அது வேறு யாரோ வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்வது, என் பிள்ளைக்குச் செய்வது வெறும் சூட்டுக்கு வைத்தியம் என்று மனசு தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டது.

"வேண்டாங்க. பாக்கவங்க என்ன நினைப்பாவ?" என்றாள் சண்முகத்தாய்.

"விடிகாலையில யாரு பாக்கப் போறா?" என்றேன்.

சீசனில் விடிகாலையில்தான் கூட்டமே!

பெண்கள் பக்கம் நான் போக முடியாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். தாயும் மகளும் திரும்பி வந்தார்கள். கோமதியின் நெற்றியில் பச்சைச் சாறு வழிந்துகொண்டிருந்தது. குளிரில் பல் தந்தியடித்தது. ஆனால் முகம் எல்லாம் சிரிப்பு.

"அப்பா, தண்ணி விழுத சத்தத்துல ஒண்ணுமே யோசிக்க முடியலை. நல்லா இருந்திச்சிப்பா."

சண்முகத்தாய் சிரிக்கவில்லை. "எல்லாரும் தள்ளி நின்னுட்டாங்க. எங்களுக்கு மட்டும் அருவியில தாராளமா இடம்" என்றாள்.

சில நாள் போயிருக்கும். லாட்ஜுக்கு எண்ணெய் தேய்த்துவிட வருகிற மாசானம், கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு என் கவுண்டர் பக்கம் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவிச்சிக்கிட மாட்டியளே?"

"கேளும்."

"பொம்பளையாளு பக்கத்துல பச்சிலை வச்சது... நம்ம கோமதியா?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லலைன்னு கேளுங்க அண்ணாச்சி."

அன்றைக்கே நிறுத்தினோம். வழித்த முடி வளர வேண்டாமா? அதுவரை வகிடை மாற்றிச் சீவி மறைத்து அனுப்பினாள் சண்முகத்தாய். பிரயோஜனம் இல்லை. வகுப்பில் கோமதியின் பெஞ்சு காலியானது. ஏழெட்டுப் பேர் இடித்துக்கொண்டு உட்காரும் பெஞ்சில் அவள் மட்டும் கையை நீட்டி உட்காரலாம்.

எத்தனை டாக்டர்கள், எத்தனை வரிசை! ஒருவராலும் என் பிள்ளைக்கு என்ன என்று சொல்ல முடியவில்லை. ஊர் சொல்லிவிட்டது. அதற்கு டோக்கன் கூட வாங்கவில்லை.

நடு சீசனில் மெட்ராஸில் இருந்து ஒரு குடும்பம் வந்து மாடி ரூமில் தங்கியது. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், கூடவே அந்தப் பெண்டாட்டியின் அக்கா. ஐம்பது வயசு இருக்கும். நரைத்த தலை, கையில் வாட்ச், அதிகம் பேசாதவர். அவர்கள் வீட்டுப் பொடியன் கவுண்டர் மேல் ஏறி உட்கார்ந்து பெருமையாகச் சொன்னான்:

"எங்க பெரியம்மா டாக்டர், தெரியுமா? பைத்தியக்காரங்களுக்கெல்லாம் அவங்கதான் டாக்டர்!"

அவன் அம்மா ஓடி வந்து வாயைப் பொத்தினாள்.

நான் ஊர் ஊராகத் தேடிய ஆள் என் தலைக்கு மேலே மாடி ரூமில்! ஆனால் எப்படிக் கேட்பது? ஓய்வுக்கு வந்தவர். வந்தவர்களிடம் சொந்தக் கதை பேசக் கூடாது என்று எங்கள் முதலாளியும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எதையாவது சாக்கு வைத்துப் போகலாம் என்று சோப்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்தேன். துண்டு கொண்டுபோனேன். திரும்பி வந்தேன். வெந்நீர் கொண்டுபோனேன். மறுபடியும் சோப்பு.

டாக்டரம்மா கதவைத் திறந்து என்னையும் சோப்பையும் பார்த்தார்.

"என்னங்க, சோப்பு குடுக்கறதா ஏதாவது வேண்டுதலா?"

"இல்லைங்கம்மா... வந்து..."

"உள்ளே வந்து உக்காருங்க. கீழே எங்க பசங்களோட கேரம் ஆடற பொண்ணு உங்க பொண்ணுதானே? நேத்து எனக்குக் காபி வாங்கிட்டு வர்றேன்னு பிளாஸ்க்கை எடுத்துட்டுப் போனா. ரொம்ப நேரம் கழிச்சு வெறுங்கையோட வந்து, 'டாக்டரம்மா, உங்களுக்கு என்ன வேணும்னீங்க?'ன்னு கேட்டா."

"மன்னிச்சிக்கிடுங்கம்மா. பிளாஸ்க்கைத் தேடி..."

"பிளாஸ்க்கை விடுங்க. எப்பவுமே இப்படியா?"

எப்பவுமே இப்படியா. இதற்காகத்தானே அலைந்தேன்! புளியில் இருந்து பச்சிலை வரை எல்லாவற்றையும் சொன்னேன். நான் கொண்டுபோயிருந்த வெந்நீர் ஆறிப்போனது.

டாக்டரம்மா உடனே எதுவும் சொல்லவில்லை. அங்கே இருந்த நாளெல்லாம் கோமதியோடு பேசினார். சண்முகத்தாயைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். கோமதியைப் படிக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், அவள் கேரம் ஆடும்போது சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் மூன்று பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"இது திமிர் இல்லை. பைத்தியமும் இல்லை. புத்தி குறைவும் இல்லை. கவனத்தை வேணுங்கற இடத்துல நிறுத்தறதுல இவளுக்குச் சிரமம் இருக்குன்னு தோணுது. பிடிச்ச விஷயத்துல போய் ஒட்டிக்கும், எடுக்க வராது. மத்ததுல நிக்காது. கேரமுக்குக் காரணம் அதான். இங்கிலீஷ்ல இப்பத்தான் அட்டென்ஷன் டெஃபிசிட்னு ஒரு பேர் வச்சிருக்காங்க. டாக்டர்களிலேயே நிறையப் பேருக்குப் பழக்கமில்லை."

அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

"அப்போ எம் பிள்ளைக்கு இதுதானாம்மா?"

"இருக்கலாம்னு நினைக்கிறேன். இதுதான்னு சொல்ல மாட்டேன். மெட்ராஸுக்குக் கூட்டிட்டு வாங்க. காது பாக்கணும். வேற ஏதாவது காரணம் இருக்கான்னு பாக்கணும். பல தடவை உக்காந்து பேசணும். இவளுக்குச் சின்ன கிளாஸ்ல பாடம் எடுத்த டீச்சர்ங்க என்ன சொன்னாங்கன்னு தெரியணும். லீவுக்கு வந்த இடத்துல நாலு நாள் பாத்துட்டு முத்திரை குத்தினா, அந்த வைத்தியருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அந்த வார்த்தையில்தான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது. காது கொடுத்தவர் இரண்டு பேர். தனக்கு இன்னும் தெரியாது என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

"மருந்து இருக்காம்மா?" என்றாள் சண்முகத்தாய்.

"இருக்கு. நம்ம ஊர்ல கிடைக்கிறதுதான் கஷ்டம். ஆனா சொல்லிக் குடுக்கற விதத்தை மாத்தினாலே நல்லா முன்னுக்கு வருவா. கொஞ்சம் கொஞ்சமா வேலை குடுக்கணும், முன் பெஞ்சுல வச்சுக்கணும், திட்டக் கூடாது."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கோமதி திரும்பினாள். எங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

"டாக்டரம்மா, அப்போ நான் வேணும்னே செய்யலைதானே?"

"இல்லம்மா. வேணும்னு செய்யலை."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். எல்லாரும் சொல்லச் சொல்ல, வேணும்னுதான் செய்யுதேனோன்னு எனக்கே சந்தேகமாயிருச்சி."

சொல்லிவிட்டு அழுதாள். நோய் இல்லை என்று கேட்டு அழுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ இருக்கிறது என்று கேட்டு, நிம்மதியாக ஒரு பிள்ளை அழுது பார்த்திருக்கிறீர்களா?

காலாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய டீச்சருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அந்த இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையவே இல்லை. என் திண்டாட்டத்தைப் பார்த்துவிட்டு, "நானே வந்து பேசறேன்" என்றார் டாக்டரம்மா. கிளம்புகிற நாள் காலையில், அருவிக்குக்கூடப் போகாமல் என்னோடு பஸ் ஏறினார்.

பெரிய டீச்சர் எழுந்து நின்று வரவேற்றார். காபி வந்தது. டாக்டரம்மா நிதானமாக எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். பெரிய டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எனக்கு உள்ளங்கை வேர்க்கவில்லை. முடிந்துவிட்டது, பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"ரொம்ப சந்தோஷம். இவ்வளவு தூரம் வந்து சொல்லுதீங்க. நீங்க எந்த நோய்க்கு டாக்டருங்கம்மா?"

"மனநலம்."

பெரிய டீச்சரின் காபி டம்ளர் பாதியில் நின்றது.

"மனநலம்னா... மென்டலா?"

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க..."

"அப்போ நாங்க கேள்விப்பட்டது சரிதான்."

"இல்லைங்க! அது இல்லைன்னு சொல்லத்தான் நானே வந்திருக்கேன்."

"நீங்க நல்லாத்தான் சொல்லுதீங்க. இன்னைக்கு ரயிலேறிப் போயிருவீங்க. நாளைக்கு அத்தனை பிள்ளைகளோட அம்மாமாரும் இந்த வாசல்ல வந்து நிப்பாவ. 'மெட்ராஸ்ல இருந்து மென்டல் டாக்டரே வந்து பாத்துட்டுப் போனாவளாமே'ன்னு கேப்பாவ. பச்சிலை சமாச்சாரத்துக்கே நான் பதில் சொல்லி மாளலை. இதுக்கு என்ன சொல்ல?"

"கோளாறுன்னா பொறுத்துக்கிடுதேன்னு சொன்னீங்களேம்மா?"

கேட்டது யார் என்று பார்த்தால், நான். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பெரிய டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சொன்னேன் அண்ணாச்சி. கண்ணுல, காதுல, ரத்தத்துல ஏதாவது கோளாறு இருக்கும்னு நெனச்சிச் சொன்னேன். இதை நெனக்கலை."

வெளியே வந்தோம். பள்ளிக்கூட வாசலில் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நான் வந்திருக்கக் கூடாதோ?" என்றார். ஒரு நல்ல டாக்டரிடம் கேட்டு வாருங்கள் என்றார்கள். டாக்டரையே கூட்டி வந்தேன். டாக்டர் வந்ததே குற்றமாகிவிட்டது.

போன வாரம் டி.சி. கொடுத்துவிட்டார்கள். அதை வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் அந்த பஸ்ஸில் ஏறினோம்.

வேறு இரண்டு பள்ளிக்கூடங்களில் கேட்டுப் பார்த்தேன். ஒன்றில், வருஷத்தின் நடுவில் பத்தாவதில் எடுக்க முடியாது என்றார்கள். இன்னொன்றில் எடுப்பதாகச் சொல்லி, ஊர்ப் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். "ஓ, அந்தப் பிள்ளையா..." என்றார்கள். சொல்லிக் கொடுக்கிற விதத்தை மாற்றினால் போதும் என்றார் டாக்டரம்மா. மாற்றுவதற்கு முதலில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமா?

மெட்ராஸ் போவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரே பேச்சு. முதலில் சண்முகத்தாய் சம்மதிக்கவே இல்லை.

"அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சா, நாளைக்கு இவள யாருங்க கட்டுவா? பைத்தியம்னு பேராயிருமே!"

"ஆயிருமா? ஆகி எவ்வளவு நாளாச்சு?" என்றேன்.

அவள் அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே தள்ளி வைத்தாள். பிறகு, "ஆமா. இனி நம்மகிட்ட இருந்து ஊரு எடுக்கதுக்கு என்ன மிச்சம் இருக்கு? டிக்கெட்டு எடுங்க" என்றாள்.

எங்களுக்குத் தைரியம் வந்தது என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். பயப்பட ஒன்றும் மீதி இல்லை, அவ்வளவுதான். சீசன் முடிந்ததும் கிளம்புகிறோம். டாக்டரம்மா பார்ப்பார், 'இதுதான்' என்றோ 'இது இல்லை' என்றோ சொல்வார். சரி. சொன்ன பிறகு? அந்தப் பதிலைக் கொண்டுவந்து இங்கே யாரிடம் கொடுப்பது? கேட்டவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதை நினைத்தால் எனக்குக் கவுண்டரில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க முடிவதில்லை. கவனம் என்னிடமும் நிற்பதில்லை.

இதை எழுதலாமா என்று கோமதியிடம் கேட்டேன். இதைப் படிக்கிற யாராவது ஒருவர் வீட்டுப் பிள்ளையும் இப்படிப் பள்ளிக்கூட வெயிலில் நின்றுகொண்டிருக்கலாம், அதற்காக என்று சொன்னேன்.

"எழுதுங்கப்பா."

"உன் பேரை மாத்திப் போட்டுருதேன் தாயி."

ஜன்னல் கம்பியில் சாரல் துளி கோத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, கேள்வியை மறந்துவிட்டாள் என்று நான் எழுந்தேன்.

"வேண்டாம்ப்பா. ஊர்ல ஆளாளுக்கு எனக்கு ஒரு பேரு வச்சாச்சு. நீங்களாவது கோமதின்னே எழுதுங்க."

எழுதியிருக்கிறேன். பத்திரிகை ஆபீஸில் யாரும் மாற்றிவிட வேண்டாம்.